ஆடத் தெரியுது, சொல்லிக்குடுக்க வரலையே!

எல்லாருக்கும் வணக்கம். 12 வருஷமா வாள்வீச்சுல எப்பேங்கிற வாள் வகை ஆடிட்டிருந்தேன், முழங்கால் போனதால இப்ப 6 மாசமா கோச்சிங் பக்கம் வந்திருக்கேன். பிரச்சனை என்னன்னா, லெசன் குடுக்கும்போது பையன் லஞ்ச் (lunge, முன்கால நீட்டிப் பாஞ்சு குத்துறது) போட்டு வர்றான், நான் வேணும்னே மணிக்கட்டைத் திறந்து காட்டி அவனைத் தொட விடணும், ஆனா கை தானா பாரி பண்ணி, அதாவது அவன் வாளைத் தட்டி விட்டு, திருப்பிக் குத்திடுது, அவன் மாஸ்க்குக்குள்ள முழிக்கிறான் 😅

இன்னொண்ணு, என்கிட்ட வர்ற பொடிசுங்க எல்லாம் ஃபாயில்ங்கிற இன்னொரு வாள் வகை. எப்பேல உடம்பு முழுக்க டார்கெட், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தொட்டா ரெண்டு பேருக்கும் பாயின்ட், கதை முடிஞ்சது. ஃபாயில்ல ரெண்டு பேரும் தொட்டு பாயின்ட் மெஷின்ல ரெண்டு லைட்டும் எரிஞ்சா தாக்குற உரிமை யாருக்குன்னு பாக்கணும், இதை 9 வயசுப் புள்ளைக்கு எப்படிப் புரிய வைக்கிறது? எதிராளிகிட்டேர்ந்து எவ்வளவு தள்ளி நிக்கணும்ங்கிற டிஸ்டன்ஸும் அப்படித்தான், என் காலுக்குத் தெரியுது, வாயில வர மாட்டேங்குது.

ஆட்டத்துலேர்ந்து கோச் ஆனவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன், முதல்ல ரெஃப்ரி பயிற்சி எடுத்தா உதவுமா? அப்புறம் 5 பாயின்ட் பூல் மேட்ச்ல (முதல் சுத்து குரூப் ஆட்டம்) தோத்துட்டு அழுற பசங்ககிட்ட என்ன பேசுவீங்க? நானெல்லாம் தோத்தா ரெண்டு நாள் யார்கூடவும் பேசுனதே இல்ல.