லார்பெஜாட்டா குழுவின் டாரன்டெல்லா: இதில் எது பழசு, எது நாட்டுப்புறம்?

கஞ்சிராக்காரன்:
நண்பர்களே, நான் கஞ்சிரா வாசிப்பவன், மேற்கத்திய இசையில் பெரிய பரிச்சயம் கிடையாது. போன வாரம் ராத்திரி எதையோ தேடப்போய் லார்பெஜாட்டா என்ற ஐரோப்பிய இசைக்குழு 2002இல் வெளியிட்ட ‘லா டாரன்டெல்லா’ தொகுப்பு (டாரன்டெல்லா என்றால் தென் இத்தாலிய ஆட்ட இசை) கையில் கிடைத்தது, அன்றிலிருந்து வேறு எதையும் கேட்கவில்லை. முதலில் என்னை இழுத்தது தம்புரெல்லோ என்ற அவர்களுடைய தோல்வாத்தியம்தான். ஆட்டுத்தோல், மரவளையம், சுற்றிலும் தகர வில்லைகள். இடது கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மும்மூன்றாக விழுகிற அந்த அடியை நிற்காமல் அப்படி ஓட்டுகிறார்கள்.

என் சந்தேகம் இதுதான். இந்தக் குழுவைப் ‘பழங்கால இசைக் குழு’ என்று சொல்கிறார்கள். ஆனால் பாடுகிற அம்மாவின் குரலில் ஆப்பெரா வாடையே இல்லை, வயல்வெளியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிடுகிற குரல். பக்கத்திலேயே ஆளுயரத்துக்குத் தியோர்போ என்ற நீண்ட கழுத்துடைய பழைய தந்தி வாத்தியம். உண்மையில் இதில் எது 17ஆம் நூற்றாண்டு, எது நாட்டுப்புறம், எது இவர்களாகச் சேர்த்தது? எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் ரசிப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

பழைய ஏடு:
நல்ல கேள்வி, தம்பி. மூன்றுமே இருக்கிறது என்பதுதான் பதில். அந்தத் தொகுப்பில் கிர்ஷர் அச்சிட்ட நேப்பிள்ஸ் டாரன்டெல்லா ஒன்று உண்டு. அத்தனாசியஸ் கிர்ஷர் ரோமில் இருந்த ஜெர்மானிய இயேசு சபைத் துறவி, 1641இல் காந்தவியல் பற்றி எழுதிய நூலில் ‘சிலந்திக்கடிக்கு மாற்று’ என்று இந்த மெட்டுகளைச் சேர்த்தார். அதே தொகுப்பில் ‘சிலென்சியு தாமூரி’ என்று ஒன்று வருகிறதே, அது தம்புரெல்லோ வாசிக்கும் ஆல்ஃபியோ ஆன்டிகோவே உருவாக்கிய பாட்டு. சிசிலியில் ஆடு மேய்த்து வளர்ந்தவர் அவர். நீங்கள் சொல்லும் குரல் லூசில்லா கலேயாட்சியுடையது, அவர் நாட்டுப்புறப் பாடகிதான்.

சரி, ஏன் இப்படிக் கலக்கிறார்கள்? அந்தக் காலத்துத் தாளில் இருப்பது பெரும்பாலும் எலும்புக்கூடு மட்டும்தான். ஐந்து ஜோடித் தந்தி கொண்ட கிட்டாருக்கு அப்போது ‘அல்ஃபபெத்தோ’ என்று ஒரு எழுத்துமுறை இருந்தது, 1606இல் மோன்தெசார்தோ அச்சிட்ட நூலிலிருந்து அது இத்தாலி முழுக்கப் பரவியது. A என்று போட்டிருந்தால் இன்றைய ஜி மேஜர் ஸ்வரக்கூட்டு (கார்டு), B என்றால் சி மேஜர். எந்த ஸ்வரக்கூட்டு, கையை மேலே வீசுவதா கீழே வீசுவதா என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. மெட்டும் அழுத்தமும் வாசிப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதியது. மோன்தெசார்தோ பிறந்ததே டாரன்டெல்லா ஆடுகிற தென் இத்தாலியின் புலியா மண்ணில். அங்கேயும் கலாப்ரியாவிலும் ‘கித்தார்ரா பத்தென்தே’ என்ற உலோகத்தந்திக் கிட்டாரை இன்றும் வீசி அடித்துத்தான் வாசிக்கிறார்கள். ஏடு சொல்லாமல் விட்டதை அந்தக் கைகளிடம் போய்க் கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

குழுவின் பெயரே அப்படித்தான். 1604இல் கப்ஸ்பெர்கர் என்ற தியோர்போ கலைஞர் வெளியிட்ட ‘தொக்காத்தா அர்பெஜாத்தா’ என்ற துண்டிலிருந்து வந்த பெயர் அது. ஏட்டில் வரிசையாக ஸ்வரக்கூட்டுகள் மட்டும் நிற்கும், அதை எப்படி உதிர்த்து வாசிப்பது என்பது கலைஞர் பாடு. 2000இல் இந்தக் குழுவைத் தொடங்கிய கிறிஸ்டினா ப்ளூஹர் தியோர்போக்காரர், அதனால் இந்தப் பெயரை வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

வேனில் மழை:
சிலந்திக் கதையையும் சேர்த்துப் படியுங்கள், அது இல்லாமல் அந்தத் தாளம் பாதிதான் புரியும். புலியாவின் சலென்தோ பகுதியில் முன்பெல்லாம் கோதுமை அறுவடை நேரத்தில் தரன்துலா என்ற சிலந்தி கடித்துவிட்டது என்று பெண்கள் படுத்துவிடுவார்கள், வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் ஆடவிட்டால்தான் எழுந்திருப்பார்கள். அடுத்த வருடம் அதே மாதம் அந்த நோவு திரும்ப வரும். ஆடவைத்தால் விஷம் வியர்வையோடு போய்விடும் என்பது கிர்ஷர் காலத்து விளக்கம்.

1959இல் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற ஆய்வாளர் ஒரு மனநல மருத்துவரையும் இசை ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். ஜூன் 29, பேதுரு பவுல் திருநாள், கலத்தினா ஊர் பவுல் தேவாலயத்துக்கு அந்தப் பெண்கள் வருகிற நாள். பெரும்பாலானவர்கள் விஷயத்தில் இது பூச்சிக்கடி சமாச்சாரம் இல்லை, வெளியே சொல்ல வழியில்லாத துக்கத்துக்கு ஊர் ஒப்புக்கொண்ட ஒரே வடிவம் இது என்று அவர் எழுதினார். அவர்களுக்கு வயலின் வாசித்த லூயிஜி ஸ்திஃபானி தொழிலால் முடிதிருத்துபவர். அந்த அடி நிற்காமல் ஓடுவதற்குக் காரணம் இருந்தது, நடுவில் நிறுத்தினால் ஆடுகிறவள் விழுந்துவிடுவாள். இதைப் படித்த பிறகு கலேயாட்சி பாடுவதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மூன்றாம் தந்தி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ‘லா டாரன்டெல்லா’ அருமையான தொகுப்பு, அதில் சண்டையே இல்லை. ஆனால் 2004இலேயே இவர்கள் ஜான்லூயிஜி த்ரொவேசியின் ஜாஸ் கிளாரினெட்டைக் கூட்டி வந்துவிட்டார்கள், 2014இல் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் பாடல்களோடு மறுபடியும் அதே. அழகாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் ஏட்டின் இடைவெளியை அந்த ஊர் மரபை வைத்து நிரப்புவதும், பிடித்ததை எல்லாம் மேலே ஊற்றுவதும் ஒன்றல்ல. முதலாவதில் கேள்வி இருக்கிறது, இரண்டாவதில் எனக்கு அது கேட்கவில்லை.

ஸ்பெயினின் பழங்கால இசைக் கலைஞர் ஜோர்டி சவாலையும் கேளுங்கள். 1974இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஆரம்பித்த அவருடைய ஹெஸ்பெரியன் குழு, 2010இல் மெக்சிகோவின் தெம்பெம்பே குழுவோடு சேர்ந்து ஒரு தொகுப்பு செய்தது. ஸ்பெயினிலிருந்து கப்பலேறிய பரோக் கிட்டார் வெராக்ரூஸ் பக்கம் ‘ஹரானா’வாகி இன்றும் ஊர்த்திருவிழாவில் அடிபடுகிறது, அதைத் திரும்பப் பழைய ஸ்பானிஷ் மெட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறார். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காதுக்கே தெரிந்துவிடும்.

பழைய ஏடு:
கிளாரினெட் விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பு இல்லை. சகோன், பசகாலியா எல்லாம் நாலைந்து ஸ்வரக் கீழ்வரி திரும்பத் திரும்ப வர, மேலே மனோதர்மமாக வாசிக்கப் பிறந்த வடிவங்கள், ஜாஸ்காரருக்கு அங்கே வேலை இருக்கிறது. ஆனால் தொகுப்பின் உறையில் எது எங்கிருந்து வந்தது என்று தெளிவாகப் போட வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். செயலியில் கேட்கும்போது அந்தக் குறிப்புகள் எதுவும் கூட வருவதில்லை, தம்பியின் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

கஞ்சிராக்காரன்:
மூவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி கிர்ஷருடையதையும் ‘சிலென்சியு தாமூரி’யையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன், இப்போது வித்தியாசம் தெரிகிறது. அப்புறம் கஞ்சிராவில் திஸ்ர நடையாக அந்த அடியைப் பிடித்துப் பார்த்தேன். நமக்கு வளையம் அசையாது, விரல்தான் வேலை செய்யும். அவர்கள் வாசிக்கும்போது வளையமும் சேர்ந்து ஆடுகிறது, வில்லைச் சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்துவிட்டது. மணிக்கணக்கில் நிறுத்தாமல் எப்படி வாசித்தார்கள் என்று, யாராவது கையைப் பக்கத்திலிருந்து காட்டும் காணொளி வைத்திருந்தால் தயவுசெய்து போடுங்கள்.