புதுப்பிப்பு: வயலோடு படிக்கும் எங்கள் பிள்ளைகள்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் சிறு வயலை வைத்துக்கொண்டு பிள்ளைகள் இருவரையும் வீட்டிலேயே படிக்கவைப்பது பற்றி முன்பு எழுதியபோது, கணக்குக்கும் தேர்வுக்கும் என்ன வழி என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கார் பருவத்துக்கு அம்பை 16 நெல் விதைத்த நாளிலிருந்து மூத்தவள் ஒரு நோட்டில், மடையில் தண்ணீர் வந்த நாள், நாற்றின் உயரம், களை எடுத்தவர்களின் கூலி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவருகிறாள். இந்த நெல் ஏறக்குறைய 110 நாளில் விளையும் என்பதால் அறுப்புத் தேதியையும் அவளே கணித்திருக்கிறாள். பெருக்கலும் சராசரியும் அவளுக்கு அங்கேதான் பிடிபட்டன என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இளையவன் இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கிறான், அவசரப்படுத்தவில்லை. பூச்சிமருந்து அடிக்கும் நாளில் இருவருக்கும் ஆச்சியிடம் வீட்டில்தான் பாடம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம்; மூத்தவளை அவ்வழியில்தான் எழுதவைக்கப்போகிறோம்.