ஷக்கலக்க பேபி பாடுனவங்களும் ஹே ராம் மைதிலியும் ஒரே ஆளுன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுச்சு?

தங்கச்சிமடம், ரேடியோ செட்:

வசுந்தரா தாஸ் பத்தி ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நம்ம பக்கத்து ஆளுங்க அவங்கள முதல்ல எப்படி கேட்டீங்க, எப்படி பாத்தீங்கன்னு சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீட்டுல அப்பா காலத்துலேர்ந்து ரேடியோ செட் தொழில். 1999 தீபாவளிக்கு முதல்வன் வந்தப்ப நான் பத்தாப்பு. அதுக்கப்புறம் எந்த கல்யாண வீடு, சடங்கு வீடு, காதுகுத்துன்னு போனாலும் பசங்க வந்து நிக்கிறது ஷக்கலக்க பேபி போடுங்கன்னுதான். அப்பல்லாம் மரத்துல கட்டுற குழாய் ஸ்பீக்கர்தான் எங்ககிட்ட அதிகம், குழாய்ல பேஸ் வராது, ரஹ்மான் போட்டிருக்கிற டிரம்ஸு கீழ்ச்சத்தம் எல்லாம் அமுங்கிப் போயிரும், நடுவுல இருக்கிற குரல் மட்டும் தனியா பிச்சுக்கிட்டு கடக்கரை வரைக்கும் போகும். அதனால எங்க ஊரு ஆளுங்க அந்தப் பாட்ட கேட்டதே வேற மாதிரி, பாட்டே இல்லாம அந்தக் குரல மட்டும் கேட்ட மாதிரி. கரையில வலை பின்னிக்கிட்டு இருந்தவங்க வரைக்கும் யாருடா இந்தப் புள்ள இப்படி பாடுதுன்னு கேட்டாங்க.

கேசட் அட்டையில பொடி எழுத்துல பேரு இருந்துச்சு. வடக்கத்தி ஆளுன்னு நெனச்சேன். படத்துல ஆடுனது சுஷ்மிதா சென், அதனால குரலும் அங்கிட்டுதான்னு ஒரு நெனப்பு. அப்புறம் 2000 பிப்ரவரியில ஹே ராம் வந்துச்சு. கமல் பொறந்தது பரமக்குடி, அதனால எங்க மாமா அவரு படம்னா விடமாட்டாரு, என்னையும் கூட்டிட்டுப் போனாரு. மைதிலியா ஒரு அமைதியான ஐயங்கார் வீட்டுப் பொண்ணு வந்துச்சு, அது எனக்கு அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு. ஆனா அந்தப் பொண்ணுதான் நான் வாரத்துக்கு நாலு வீட்டுல ஓடவிடுற அந்தக் குரல்னு சத்தியமா தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு ஒரு பத்திரிகையில படிச்சப்பதான் தெரிஞ்சுச்சு. அன்னைக்கு கடையில உக்காந்து அந்தப் பாட்ட திரும்பத் திரும்பப் போட்டு அந்த முகத்த அதுல வச்சுப் பாத்தேன். பொருந்தவே இல்ல. அதான் எனக்கு பெரிய ஆச்சரியம், ஒரே ஆளுக்குள்ள இவ்வளவு தூரம் தள்ளி நிக்கிற ரெண்டு பேரு எப்படி இருந்தாங்கன்னு.

பாம்பன், போட்டு டிரைவர்:

மாப்ள, எனக்கு பேருதான் முதல்ல தெரியும். நாங்க கடலுக்குப் போறப்ப கரையத் தாண்டி கொஞ்ச தூரம் போயிட்டா நம்ம ஸ்டேஷன் கொறகொறங்கும், இலங்கை எஃப்எம் கண்ணாடி மாதிரி வரும். சக்தி, சூரியன் ரெண்டுந்தான் எங்களுக்கு ராத்திரித் துணை. அவங்க பாட்டு போட்டா சும்மா போடமாட்டாங்க, யாரு பாடுனது யாரு எழுதுனது யாரு இசைன்னு அழகா சொல்லித்தான் போடுவாங்க. வசுந்தரா தாஸ்ங்கிற பேர அப்படித்தான் நான் கேட்டேன். குஷியில கட்டிப்புடி கட்டிப்புடிடா, ரிதம்ல அய்யோ பத்திக்கிச்சு, எல்லாம் 2000லயே அடுத்தடுத்து. ரிதம்ல பஞ்சபூதத்துக்கு ஒவ்வொரு பாட்டு வச்சிருப்பாரு ரஹ்மான், அதுல நெருப்புக்கு உதித் நாராயணோட சேர்ந்து பாடுனது இவங்கதான். வலைய எறக்கிவிட்டு இழுவையில போறப்ப தூக்கம் கண்ணக் கட்டும், அந்த நேரத்துல இந்தப் பாட்டு வந்தா போட்டுல இருக்கிற அஞ்சு பேரும் எந்திரிச்சு உக்காந்துருவோம். முகம் பாத்தது ரொம்பப் பின்னாடி. எனக்கு அவங்க நடிகையே இல்ல, இன்னைக்கு வரைக்கும் ராத்திரிக் கடல்ல கேட்ட குரல்தான்.

கீழக்கரை, இப்ப ஷார்ஜா:

நான் சொல்றது வேற. கல்யாணம் முடிஞ்சு ஆறாவது மாசம் இங்க வந்தேன், அவுக வேலைக்குப் போயிட்டா நாலு சுவருதான், பேச ஆளில்ல. பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) ஒருத்தவுக சிடி கொண்டாந்து குடுப்பாக. அதுல ஒண்ணு மீரா நாயர் எடுத்த மான்சூன் வெட்டிங். 2001ல வெனிஸ் பட விழாவுல தங்கச் சிங்கம் விருது வாங்குன படம்னு எல்லாம் அப்ப எனக்குத் தெரியாது, டெல்லியில ஒரு பஞ்சாபி வீட்டுக் கல்யாணம்னுதான் பாக்க ஆரம்பிச்சேன். மணப்பொண்ணு அதிதியா வர்றது வசுந்தரா தாஸ்.

அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே கல்யாணமான ஒரு ஆளோட பழக்கம் இருக்கு, அத வச்சுக்கிட்டே வீட்டுல பாத்த மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிருது. அப்புறம் நிக்க முடியாம, கல்யாணத்துக்கு முன்னாடியே அந்த மாப்பிள்ளைகிட்ட நேரா போய் உண்மையச் சொல்லுது. அந்த எடத்துல அவங்க அழுது கூப்பாடு போடல, கண்ணுலயே பயத்த வச்சுக்கிட்டு சொல்றாங்க. நான் அன்னைக்கு சாப்பிடவே இல்ல. எனக்கு அப்படி மறைக்க ஒண்ணுமில்ல, ஆனா கல்யாண வீட்டுல எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறப்ப நடுவுல உக்காந்திருக்கிற பொண்ணு மனசுல என்ன ஓடுதுன்னு யாரும் கேக்கமாட்டாக, என்கிட்டயும் யாரும் கேக்கல. உம்மாவுக்கு போன் போட்டு சும்மா அழுதேன், என்னண்டு சொல்லத் தெரியல.

அதுக்கப்புறம் கல் ஹோ நா ஹோவுல வர்ற அந்த டிஸ்கோ பாட்டு இவங்க குரலுந்தான்னு தெரிஞ்சப்ப நம்பவே முடியல. லகான்ல வெள்ளைக்காரப் பொண்ணு இங்கிலீஷ்ல பாடுற பகுதியும் இவங்கதான். ரேடியோ செட் காக்கா (அண்ணன்) சொன்ன மாதிரி ஒரே ஆளுக்குள்ள எத்தன பேருன்னு இருக்கு.

ராமேஸ்வரம்:

எங்க அப்பத்தா தனுஷ்கோடி. 64 டிசம்பர் புயல்ல எல்லாத்தையும் விட்டுட்டு உசுரோட வந்தவங்க. 2001ல சிட்டிசன் வந்துச்சுல்ல, அஜித் படம், அதுல அத்திப்பட்டின்னு ஒரு மீனவ கிராமம் மேப்புலயே இல்லாம போயிரும். கேபிள்ல போட்டப்ப அப்பத்தா முழுசா பாத்துட்டு அது எங்க ஊருடின்னு சொல்லி எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தப் படத்துல வசுந்தரா தாஸ் இருந்தாங்கங்கிறதே இதப் படிச்சப்புறந்தான் ஞாபகம் வருது. எங்க வீட்டுல அந்தப் படம்னா அத்திப்பட்டி மட்டுந்தான்.

உச்சிப்புளி, வேலை பெங்களூர்ல:

அவங்க பெங்களூர்காரங்க, மவுண்ட் கார்மல் காலேஜ்ல படிச்சவங்க. சின்ன வயசுலேர்ந்து இந்துஸ்தானி கத்துக்கிட்டவங்க, அதனாலதான் பாப் பாட்டுலயும் சுருதி ஆடாம நிக்குதுன்னு எனக்குத் தோணும்.

எங்க கம்பெனியில ஒரு தடவ டிரம் சர்க்கிள் வச்சாங்க. இருநூறு பேரு வட்டமா உக்காந்து ஆளுக்கொரு ஜெம்பே, கையால தட்டுற ஆப்பிரிக்க மேளம், நடுவுல ஒருத்தர் நின்னு கைய காட்ட காட்ட எல்லாரும் சேர்ந்து அடிக்கணும். முதல்ல எனக்கு கூச்சமா இருந்துச்சு, பத்து நிமிஷத்துல எங்க ஊரு முளைப்பாரியில பொம்பளைங்க வட்டம் கட்டி கும்மி தட்டுறப்ப வருமே ஒரு வேகம், அது அப்படியே வந்துருச்சு. முடிஞ்சப்புறந்தான் சொன்னாங்க, இத நடத்துறது டிரம்ஜாம், வசுந்தரா தாஸும் டிரம்மர் ராபர்ட்டோ நரேனும் சேர்ந்து ஆரம்பிச்சதுன்னு. அவரத்தான் கல்யாணமும் பண்ணியிருக்காங்க. அன்னைக்கு அவங்க வரல, வேற ஆளுதான் நடத்துனாரு. வந்திருந்தா கால்ல விழுந்திருப்பேன்.

நம்ம ஊருல கேட்டா வாய்ப்பில்லாம காணாமப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க, அது எனக்கு கோவம் வருது. மலையாளத்துல மோகன்லாலோட ராவணப்பிரபு, கன்னடத்துல லங்கேஷ் பத்ரிகே, 2005ல அந்நியன்ல கண்ணும் கண்ணும் நோக்கியா, இந்தியில அத்தன பாட்டு, இப்ப பாட்டே வராதுன்னு சொல்றவங்க கையில டிரம்ம குடுத்து அடிக்க வைக்கிறாங்க. இது எங்கேர்ந்து காணாமப் போனது? நம்ம தேடலன்னு சொல்லுங்க.

தங்கச்சிமடம், ரேடியோ செட்:

ஷார்ஜா லாத்தா, நீங்க எழுதுனத என் வீட்டுக்காரிகிட்ட வாசிச்சுக் காமிச்சேன், அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அந்தப் படத்த எப்படியாவது பாக்கணும்னு சொல்லியிருக்கா.

உச்சிப்புளி தம்பி கோவம் நியாயம். இதெல்லாம் படிச்சுட்டு ராத்திரி பரண்ல ஏறி பழைய பொட்டிய எறக்குனேன். முதல்வன் கேசட் இருக்கு, அட்டை கரையான் அரிச்சுப் போச்சு ஆனா பேரு இருக்கிற பக்கம் தப்பிச்சிருக்கு. உப்புக்காத்துல டேப்பு லேசா பூத்துப் போயிருக்கு, பஞ்சுல தொடச்சா ஓடும்னு நெனைக்கிறேன். என்கிட்ட இருந்த கேசட் டெக்கு ரெண்டுமே போயிருச்சு. யாருகிட்டயாவது ஓடுற டெக்கு இருக்கா?

பாம்பன், போட்டு டிரைவர்:

என் போட்டுல இருக்கு மாப்ள. திங்கக்கெழம கடலுக்குப் போறோம், அதுக்குள்ள கொண்டா.