அப்பாரு தோட்டத்து மேற்கு வேலி

நான் (காலை 6.10): எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு மழையில் நம் மேற்கு வேலிக்குக் கீழே மண் சரிந்துவிட்டது. மேற்குத் தோட்டத்து மாமா தறி செட் போடுவதற்காகச் சித்திரையில் பொக்லைன் வைத்து ஐந்தடி வெட்டி இறக்கினாரே, அந்த வெட்டின் நடுப்பகுதியில் முப்பதடி நீளத்துக்கு மண் அவர் பக்கம் விழுந்து கிடக்கிறது. மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பல்லடம் அக்கா (6.14): யாருக்கும் அடி எதுவும் படவில்லையே? மாடுகளை எங்கே கட்டியிருந்தீர்கள்?

நான் (6.15): மாடுகள் கிழக்குக் கட்டுத்தறியில்தான் இருந்தன, அக்கா. அம்மாவும் நன்றாக இருக்கிறார். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம், இரண்டடி உள்ளே, வேலியை ஒட்டியே ஒரு வெடிப்பு ஓடுகிறது. கையை விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு வரை இறங்குகிறது.

தாராபுரம் சித்தப்பா (6.21): சித்திரையிலேயே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கோபி அத்தை (6.22): சின்னண்ணா, காலை வேளையில் அந்தப் பேச்சு வேண்டாம். வேலிக் கிளுவை மரம் எத்தனை போயிற்று, கண்ணு?

நான் (6.24): பதினொன்று சாய்ந்துவிட்டன, அத்தை. வேர்கள் வெளியே தொங்குகின்றன.

ஈரோடு பெரியப்பா (6.48): படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரிந்துபோன முப்பதடியை விட, தம்பி கை விட்டுப் பார்த்த வெடிப்புதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அடுத்து எந்த மண் விழப்போகிறது என்பதை அது கோடு போட்டுக் காட்டுகிறது. வெடிப்புக்குள் இனி மழைநீர் இறங்காதபடி களிமண் போட்டு மிதித்து, மேலே தார்ப்பாய் விரித்து, வழியும் தண்ணீரை நம் பக்கமே ஒரு சிறு வாய்க்கால் வெட்டித் தெற்கே வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதைக்குத் திருப்பிவிடு. வேலியிலிருந்து பத்தடிக்குள் டிராக்டர் வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே விழுந்து கிடக்கும் மண்ணை அள்ள அவருடைய ஆட்கள் வந்தால், கையெடுத்துக் கும்பிட்டாவது நிறுத்திவிடு. அந்த மண்தான் இப்போது மேலே இருப்பதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நான் (6.50): ஏழு மணிக்கு டிப்பர் வருவதாகப் பேச்சு. இதோ போகிறேன், பெரியப்பா.

பெங்களூர் தம்பி (7.02): இப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு செலவாகும் என்று சொல்லுங்கள், என் பங்கை இன்றே அனுப்பிவிடுகிறேன்.

தாராபுரம் சித்தப்பா (7.05): நாம் எதற்குச் செலவு செய்ய வேண்டும்? வெட்டியவர் கட்டட்டும். நான் வக்கீலிடம் பேசுகிறேன்.

நான் (7.40): டிப்பரை நிறுத்தியாயிற்று. மாமாவே நேரில் வந்திருந்தார், கோபமாகப் பேசவில்லை. தன் நிலத்துக்குள்தான் வெட்டியதாகவும், நம் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து வழிந்து மண் ஊறிப்போனதால்தான் சரிந்தது என்றும், ஆகவே சுவரை நாம்தான் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். தொட்டி வழிவது உண்மைதான். மூன்று முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் தானாக ஓடி, இரவில் வழிந்துவிடுகிறது.

தாராபுரம் சித்தப்பா (7.43): வேலி ஓரத்தில் தொட்டி கட்ட வேண்டாம் என்று 1998-லேயே நான் சொன்னேன்.

நான் (7.44): சித்தப்பா, அதற்குப் பதில் சொல்ல அப்பா இப்போது இல்லை. அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

பல்லடம் அக்கா (7.45): விட்டுவிடுங்கள், சித்தப்பா.

ஈரோடு பெரியப்பா (8.20): வக்கீலிடம் போவதற்கு முன்னால் நாம் நின்றிருக்கும் இடம் நமக்கே தெளிவாக இருக்க வேண்டும். வக்கீல்கள் ஈஸ்மென்ட் சட்டம் என்று சொல்லும் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இதற்கு எடுத்துக்காட்டே இருக்கிறது. ஒருவருடைய நிலம் இயல்பான நிலையில் இருக்கும்வரை, பக்கத்து நிலத்து மண் இயற்கையாகக் கொடுத்துவந்த தாங்கலைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. அதை வெட்டி எடுப்பவர் அந்தத் தாங்கலுக்கு வழி செய்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இது நமக்குச் சாதகம். ஆனால் இயல்பான நிலை என்றால் செயற்கையான பாரம் ஏறாத நிலம் என்றும் அங்கேயே விளக்கியிருக்கிறது. மேட்டு நிலத்தில் பெய்யும் மழைநீர் தானாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடுவதை அவர் மறிக்க முடியாது, அதுவும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் போர்வெல் தண்ணீர் மழைநீர் ஆகாது, தொட்டியின் பாரம் இயற்கைப் பாரமும் ஆகாது. அவர் வெட்டியது தவறு. நாம் வழிய விட்டதும் தவறு. மனதுக்குக் கசப்பாக இருந்தாலும் இதை ஏற்றுக்கொண்டுதான் அவரிடம் பேசப் போக வேண்டும்.

தாராபுரம் சித்தப்பா (8.24): அண்ணன் எப்போதும் அடுத்தவர் பக்கம்தான்.

கோபி அத்தை (8.26): நியாயத்தின் பக்கம் என்று சொல்லுங்கள், சின்னண்ணா.

பெங்களூர் தம்பி (8.31): அப்படியானால் பாதிக்குப் பாதி என்று முடித்துவிடலாமா?

ஈரோடு பெரியப்பா (8.52): பாதியா, கால்பங்கா என்று பேசுவதற்கு முன்னால் கல்லைப் பார்க்க வேண்டும், தம்பி. எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கடக்கால் தோண்டினால், நாளைக்குச் சுவரே வழக்காகிவிடும். நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கிளுவை வேலி நம் எல்லை அல்ல. உங்கள் தாத்தா, அதாவது அப்பாரு, கிளுவைக் கிளைகளைப் போத்துகளாக நறுக்கி நட்டபோது, வெளிப்பக்கம் நின்று முள் வெட்டுவதற்காக மூன்றடி உள்ளே தள்ளி நட்டார். எல்லைக் கல்லான பொழிக்கல் வேலிக்கு வெளியே இருந்தது. அந்த மூன்றடியும் நம்முடையது. பழைய நில அளவைப் புலப்படத்தில் மேற்குப் பக்கம் தெற்குக் கல்லிலிருந்து வடக்குக் கல் வரை 450 லிங்க்ஸ் என்று போட்டிருக்கிறது. நூறு லிங்க்ஸ் அறுபத்தாறு அடி, அப்படியென்றால் 297 அடி. மாமா வேலியின் தூர் வரை வெட்டியிருக்கிறார் என்றால், தன் நிலம் என்று நம்பியே நம் நிலத்தையும் சேர்த்து வெட்டியிருக்கலாம். கல் கிடைத்தால்தான் தெரியும்.

பல்லடம் அக்கா (8.55): நான் பிறந்ததிலிருந்து அங்கே ஒரு கல்லையும் பார்த்ததில்லை, பெரியப்பா.

கோபி அத்தை (9.10): நான் பார்த்திருக்கிறேன். தெற்கு மூலையில் வெள்வேல மரத்துக்கு நேர் மேற்கே, வேலிச் சந்தில் குனிந்து போனால் முழங்கால் உயரத்தில் நிற்கும். ஆடு மேய்க்கும் நாளில் நானும் அண்ணனும் அதன் தலையில் வைத்துத்தான் புளியங்கொட்டை தட்டுவோம். தட்டித் தட்டிக் கல்லில் ஒரு குழியே விழுந்திருந்தது. தலையில் ஒரு கோடும் செதுக்கியிருக்கும். மரத்திலிருந்து என் காலடிக்கு ஏழு அடி. அப்போது எனக்குப் பத்து வயது, அதற்குத் தகுந்தாற்போல் அளந்து பார், கண்ணு.

நான் (9.12): இப்போதே கடப்பாரை எடுத்துக்கொண்டு போகிறேன், அத்தை.

பெங்களூர் தம்பி (9.30): அடுத்த வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயில் பொங்கல் உறுதிதானே? ரயில் முன்பதிவு செய்ய வேண்டும்.

பல்லடம் அக்கா (9.33): உறுதிதான். ஆனால் சர்வேயர் அன்றைக்குத் தேதி கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

ஈரோடு பெரியப்பா (9.41): அளக்க விண்ணப்பமே இன்னும் போடவில்லை, அம்மணி. தமிழ்நிலம் இணையதளத்திலேயே பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கூட்டுப் பட்டா என்பதால் மூன்று பங்குக்காரர்களும் சேர்ந்து போடுவதே நல்லது. சர்வேயர் வரும்போது பக்கத்து நிலத்தார்களுக்கும் நோட்டீஸ் போகும். அவர்கள் எதிரில்தான் அளப்பார்.

தாராபுரம் சித்தப்பா (9.44): அந்தத் தொட்டியை இடிப்பதாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

நான் (11.25): கல் கிடைத்துவிட்டது! அத்தை சொன்ன இடத்திலேயே, ஒன்றரை அடி மண்ணுக்குள் இருந்தது. வெட்டு அந்த மூலைக்குப் பத்தடி முன்பே நின்றுவிட்டதால் பொக்லைன் அதைத் தொடவில்லை. நான் தனியாகக் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மாமாவே மண்வெட்டியோடு ஏறி வந்து கூடத் தோண்டினார். தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். தலையில் கோடு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கட்டைவிரல் பதியும் அளவுக்கு வழவழப்பான ஒரு குழி இருக்கிறது. படம் அனுப்புகிறேன்.

கோபி அத்தை (11.27): அந்தக் குழிதான். அண்ணன் கையும் பட்ட குழி. படத்தை அழித்துவிடாதே.

ஈரோடு பெரியப்பா (11.31): மிகவும் நல்ல செய்தி. வடக்குக் கல்?

நான் (11.36): அங்கே எதுவும் இல்லை, பெரியப்பா. டிப்பர் போக வழி செய்தபோது போயிருக்கலாம் என்று மாமாவே வருத்தப்பட்டார். தெற்குக் கல்லிலிருந்து கயிறு பிடித்துப் பார்த்தோம். குத்துமதிப்பாகப் பார்த்தால் வெட்டு கல்லுக்கு இந்தப் பக்கம் ஒன்றரை அடி வந்திருப்பது போலத் தெரிகிறது. அவர் முகம் சுருங்கிவிட்டது. வேலிதான் எல்லை என்று அவருடைய ஐயன் சொல்லி வளர்த்ததாகச் சொன்னார்.

தாராபுரம் சித்தப்பா (11.38): பார்த்தீர்களா? நிலமும் போயிற்று, வேலியும் போயிற்று.

ஈரோடு பெரியப்பா (11.50): ஒரு கல்லை வைத்துக் கோடு இழுக்க முடியாது, கயிறு ஒரு விரல் விலகினால் முந்நூறு அடியில் ஒரு முழம் விலகும். அளக்காமல் ஒன்றரை அடி என்று யாரும் வெளியே பேச வேண்டாம்.

நான் (பிற்பகல் 2.15): மேஸ்திரியை அழைத்துக் காட்டினேன். வெட்டிய 120 அடி நீளத்துக்கும் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும், செலவும் குறைவு என்கிறார்.

ஈரோடு பெரியப்பா (2.58): ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். நான் முப்பது வருடம் ஓவர்சீயராக இருந்தவன். காம்பவுண்டு சுவர் வேறு, மண்ணைத் தாங்கும் சுவர் வேறு என்பதை மேஸ்திரிக்கு எடுத்துச் சொல். ஐந்தடி உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால், ஒவ்வொரு அடி நீளத்தையும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 350 கிலோ அளவுக்கு வெளியே தள்ளும். ஈர மண்ணின் அழுத்தம் அதற்கு மேல். தாங்கு சுவர்கள் விழுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். ஆகவே கருங்கல் சைஸ் கல் வைத்து, அடியில் மூன்றடி, உச்சியில் ஒன்றரை அடி அகலம் வரும்படி நம் பக்கம் சாய்த்துக் கட்ட வேண்டும். கெட்டி மண் வரும்வரை, குறைந்தது இரண்டடியாவது கடக்கால் தோண்ட வேண்டும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு அடிக்கு ஜல்லி நிரப்பி, அடிமட்டத்துக்கு அரையடி மேலே, ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாயை வெளிப்பக்கம் தாழ்வாகச் சாய்த்துப் பதிக்க வேண்டும். குழாய் வாய்க்கு உள்பக்கம் பெரிய ஜல்லி இருக்கட்டும், இல்லாவிட்டால் செம்மண் வந்து அடைத்துவிடும். அந்தத் தண்ணீர் மாமாவின் செட்டுக்குள் போகாதபடி சுவர் அடியிலேயே ஒரு வாய்க்கால் எடுத்து இட்டேரியில் விட வேண்டும். அதற்கு அவருடைய சம்மதம் தேவை.

பல்லடம் அக்கா (3.05): தறிக்குக் கீழே ஈரம் ஏறினால் பாவு நூல் கெட்டுவிடும். அவர் கட்டாயம் சம்மதிப்பார். நான் வேண்டுமானால் அவர் வீட்டு அக்காவிடம் பேசுகிறேன்.

பெங்களூர் தம்பி (3.12): பெரியப்பா சொன்ன கணக்கில் மொத்தம் எவ்வளவு வரும்?

நான் (3.30): கடக்காலோடு சேர்த்து ஏழடி, சராசரி அகலம் இரண்டேகால் அடி, நீளம் 120 அடி. 1,890 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் ஏறக்குறைய பத்தொன்பது யூனிட் கட்டு. நாலு லட்சத்துக்குக் குறையாது என்கிறார் மேஸ்திரி.

தாராபுரம் சித்தப்பா (3.33): நாலு லட்சமா! அதன்மேல் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலியும் போட்டால்தான் முழுமை. அந்தக் கிளுவையை எடுத்துவிடுங்கள்.

கோபி அத்தை (3.35): கிளுவையைத் தொடக்கூடாது.

தாராபுரம் சித்தப்பா (3.36): உனக்கு அங்கே பங்கு இல்லையே.

கோபி அத்தை (3.52): இல்லைதான். 1986-இல் பாகப்பிரிவினையின்போது, நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் நீட்டினீர்கள். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அதை நான் எந்த நாளும் குறையாகப் பேசியதில்லை, சின்னண்ணா. ஆனால் இன்று காலையில் அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, சொல்வதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஈரோடு பெரியப்பா (4.01): அம்மணி, மன்னித்துக்கொள். அந்தப் பத்திரத்தில் எனக்கும் பொறுப்பு உண்டு.

நான் (4.20): அத்தை, கிளுவையை வெட்ட நானும் சம்மதிக்க மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் வேலி பச்சையாக இருக்கும்போது ஆட்டுக்கு அதுதான் தழை. சாய்ந்த பதினொன்றையும் போத்துகளாக நறுக்கி, நிழலில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஈரோடு பெரியப்பா (4.34): நல்ல வேலை செய்தாய். ஆனால் சுவரை ஒட்டி நடாதே. நான்கடி தள்ளி நடு. வெள்வேல மரம் அந்த மூலையிலேயே நிற்கட்டும், சுவர் அதுவரை வரப்போவதில்லை.

தாராபுரம் சித்தப்பா (5.10): தங்கச்சி, கோபத்தில் சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தொட்டியை மாற்றும்வரை ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன்.

பெங்களூர் தம்பி (5.15): தொட்டியை மாற்றும் செலவு யாருடையது?

பல்லடம் அக்கா (5.30): மாமா வீட்டில் பேசினேன். வாய்க்காலுக்குச் சம்மதமாம். சுவரில் பாதி தருவதா, முழுவதும் தருவதா என்பதை அளந்த பிறகு பேசலாம் என்கிறார்கள்.

நான் (6.40): இங்கே மறுபடியும் தூறல் தொடங்கிவிட்டது. வெடிப்பை மூடித் தார்ப்பாய் போட்டாயிற்று. மோட்டாரின் தானியங்கியை நிறுத்திவிட்டேன். சரிந்த மண்ணுக்கு அடியில் அடுக்குவதற்கு மாமா நாற்பது மணல் மூட்டை கொண்டுவந்திருக்கிறார். பணம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஈரோடு பெரியப்பா (6.44): மூட்டைகளைச் செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்கச் சொல். நேர்க்கோட்டில் அடுக்கினால் பிரிந்துவிடும்.

பெங்களூர் தம்பி (6.50): விண்ணப்பத்தை நாளைக்கு யார் போடுவது?

கோபி அத்தை (6.58): நான் சனிக்கிழமை வருகிறேன். அதுவரை அந்தக் கல்லைச் சுற்றி நான்கு போத்து நட்டு வை, கண்ணு. டிப்பர் பின்னால் வந்து இடித்துவிடப் போகிறது.