நியூயார்க் ஜெஃபர்சன் மார்க்கெட் நூலகம்: பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லாருக்கும் வணக்கம். கிரீனிச் வில்லேஜில் ஆறாவது அவென்யூவும் பத்தாவது தெருவும் சேரும் முனையில், கோபுரமும் கடிகாரமுமாக நிற்கும் செங்கல் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1877-ல் நீதிமன்றமாகக் கட்டி முடித்தது. 1945-க்குப் பிறகு அங்கே வழக்கு நடக்கவில்லை, இடிக்கத்தான் இருந்தார்கள். நின்றுபோன கடிகாரத்தை ஓடவைக்க அந்தப் பகுதியில் வசித்த மார்கோ கேல் என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து தொடங்கிய முயற்சிதான் கடைசியில் கட்டடத்தையே காப்பாற்றியது. 1967-ல் கிளை நூலகமாகத் திறந்தார்கள்.

கைதிகளை அடைத்து வைத்திருந்த கீழ்த்தளம் இப்போது படிப்பறை. தலைக்கு மேல் செங்கல் வளைவுகள். அங்கே உட்கார்ந்து படிக்கும்போதெல்லாம், இதே இடத்தில் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்களை நினைத்து மனசு கனத்துவிடும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் படங்களோடு சொல்ல ஆசை. வெளிப்புறப் படங்கள் நிறைய கிடைத்தன. 1967-க்கு முந்தைய உட்புறப் படங்கள்தான் அகப்படவில்லை. எங்கே தேடலாம்? எழுபது, எண்பதுகளில் அங்கே போய்ப் படித்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் நினைவுகளையும் இங்கே எழுதுங்கள். இதேபோல் பழைய கட்டடத்தில் இயங்கும் பேட்டை நூலகம் வேறு தெரிந்தாலும் சொல்லுங்கள், மிகவும் உதவியாக இருக்கும்.