கேட்ச் பிடிக்கப் போய் தலை மோதிவிட்டது, மயக்கம் வரவில்லை. டாக்டரிடம் போகணுமா?

திண்டுக்கல்_அம்மா (காலை 7:40)
என் மகனுக்கு 14 வயது. நேற்று சாயங்காலம் கார்க் பால் மேட்ச். உயரமாகப் போன பந்தைப் பிடிக்க இவனும் இன்னொரு பையனும் ஆளுக்கொரு பக்கமிருந்து ஓடிவந்து நெற்றியோடு நெற்றி மோதி விழுந்திருக்கிறார்கள். நினைவு தப்பவில்லை, உடனே எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு இன்னும் மூன்று ஓவர் ஃபீல்டிங்கும் செய்தானாம். வீட்டுக்கு வந்ததும் தலை பாரமாக இருக்கிறது என்று சாப்பிடாமல் படுத்தான், ராத்திரி ஒரு தடவை வாந்தி. காலையில் டியூப்லைட் வெளிச்சம் கூசுகிறது என்கிறான். "இன்னைக்கு ஸ்கூல் உண்டாம்மா" என்று பத்து நிமிடத்தில் மூன்று தடவை கேட்டுவிட்டான், பதில் சொன்னதே அவனுக்கு ஞாபகம் இல்லை. மாமியார் தூங்க விடாதே என்கிறார். கோச் வெறும் புடைப்புதான், ஐஸ் வைத்து ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு அனுப்புங்கள் என்கிறார். கணவர் வெளியூரில். இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா?

நைட்_டியூட்டி (7:52)
அக்கா, பார்க்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். மீதியை ஆட்டோவில் உட்கார்ந்து படிக்கலாம். நான் அவசரப் பிரிவில் நர்ஸ். மயக்கம் வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூளை அதிர்ச்சி (அடிபட்டதில் மூளை குலுங்குவது, கன்கஷன் என்பார்கள்) வந்த பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்றீர்களே, அதுதான் எனக்கும் உறுத்துகிறது. தெருமுனை கிளினிக் போதாது, சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போங்கள். டூவீலரில் பின்னால் உட்கார வைக்காதீர்கள், தலை சுற்றினால் சரிந்து விழுவான். கிளம்புவதற்குள் வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ, மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகினாலோ உடனே 108. கழுத்து வலிக்கிறதா என்றும் கேளுங்கள், வலித்தால் கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து அதற்கும் 108தான். தலைவலிக்கு இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கொடுக்க வேண்டாம், உள்ளே ரத்தம் கசிந்தால் அவை அதை அதிகமாக்கும்.

தூங்க விடாதே என்று உங்கள் மாமியார் பயத்தில் சொல்கிறார், அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கம் கெடுதல் இல்லை. டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தாராளமாகத் தூங்கலாம். எழுப்ப முடியாத தூக்கம்தான் ஆபத்து.

அப்புறம் ஒன்று. மோதிய அந்த இன்னொரு பையன் எப்படி இருக்கிறான்?

கபடி_கணேசன் (8:30)
நான் பதினோரு வருடமாகக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். எழுந்து நடக்கிறான், அதனால் ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்திய கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா கதையைப் படித்த பிறகுதான் மாறினேன். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் மேட்ச், ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில் நின்றவருக்குத் தலையில் பந்து பட்டது. தானே நடந்து டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நினைவிழந்தவர் மூன்றாம் நாள் இறந்துபோனார், 38 வயது. மண்டைக்குள் ரத்தம் கசிந்து சேர்ந்து மூளையை அழுத்துவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை ஆள் சாதாரணமாகவே இருக்கலாம்.

இப்போது யாருக்குத் தலையில் அடிபட்டாலும் எந்த அணியோடு ஆடுகிறோம், கடைசி ரெய்டு யார் போனது, இது முதல் பாதியா இரண்டாம் பாதியா என்று கேட்பேன். தடுமாறினால் வெளியே. சரியாகச் சொன்னாலும் தலைவலி, தலைசுற்றல், "மந்தமா இருக்கு சார்" என்று ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, ஃபைனலாக இருந்தாலும் சரி.

திண்டுக்கல்_அம்மா (பிற்பகல் 2:15)
போய்விட்டு வந்தோம். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், இவன் செப்டம்பரோடு நின்றுவிட்டான். சிடி எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை. ஐந்து மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை ஆடலாம்தானே என்று கோச் கேட்கிறார்.

நைட்_டியூட்டி (2:40)
கூடவே கூடாது அக்கா. சிடியில் ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் தெரியும், மூளை அதிர்ச்சி தெரியாது. 2019 லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பவுன்சர் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப வந்து ஆடினார், மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் வந்தன. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார், அடுத்த டெஸ்டிலும் ஸ்மித்தை ஆடவிடவில்லை. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரையே உட்கார வைத்தார்கள், இவன் 14 வயதுப் பையன். முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று பட்டால் மூளை திடீரென்று வீங்கி உயிரே போகலாம், அது அபூர்வம்தான், ஆனால் அப்படிப் போவது பெரும்பாலும் சின்ன வயதுப் பிள்ளைகள்தான். ஓரிரு நாள் ஓய்வு, செல்போனைக் குறைத்துக்கொள்ளட்டும். பிறகு நடை, ஸ்கூல், மெல்ல ஓட்டம், தனியாக பேட்டிங் என்று ஒவ்வொன்றாக. நடுவில் தலைவலி கூடினால் ஒரு படி கீழே. மேட்ச் எல்லாம் டாக்டர் சரி என்ற பிறகுதான்.

திண்டுக்கல்_அம்மா (இரவு 8:05)
கோச்சிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். நீங்கள் கேட்டதால் அந்தப் பையன் வீட்டுக்குப் போன் போட்டேன். நேற்றிலிருந்து அவனுக்கும் தலைவலியாம், மேட்சுக்கு விடமாட்டார்கள் என்று வீட்டில் சொல்லவே இல்லை. இப்போது அவனைக் கூட்டிக்கொண்டு அவன் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.