இரவு 11:15-க்கு முதலில் -121, அப்புறம் விடியும்வரை -22: என் டிரைவரில் ரன்டைம் பிஎம் எங்கே சொதப்புகிறது?

பசுமைக்குடில்_பெட்டி எழுதியது:

வணக்கம். நான்கு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பசுமைக்குடில் ஒன்றுக்கு வெளிச்சம் அளக்கும் பெட்டி செய்கிறோம். போர்டு பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினி, லினக்ஸ் கெர்னல் 5.10. சென்சார் ஐ2சி பஸ்ஸில் (இரண்டு கம்பித் தொடர்பு) இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர் நானே எழுதியது. சென்சாருக்குத் தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர். போர்டின் ஒரு ஜிபிஐஓ கால் அதை ஆன், ஆஃப் செய்யும். சும்மா இருக்கும் டிவைஸை அணைத்து, தேவைப்படும்போது எழுப்பும் கெர்னலின் ரன்டைம் பிஎம் வசதியைப் பயன்படுத்துகிறேன். ரன்டைம் ரெஸ்யூமில் ரெகுலேட்டரை ஆன் செய்து, உடனே கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் எழுதி சென்சாரை எழுப்புகிறேன். ரன்டைம் சஸ்பெண்டில் அதற்கு நேர்மாறு: சென்சாரைத் தூங்கச் சொல்லிவிட்டு லைனை அணைக்கிறேன். ஆட்டோசஸ்பெண்ட் 2000 மில்லிசெகண்ட், அதாவது அவ்வளவு நேரம் வேலை இல்லாவிட்டால் தானே சஸ்பெண்ட் ஆகும்.

ரீட் ஃபங்ஷனில் பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் கூப்பிடுகிறேன், அது யூசேஜ் கவுண்டில் (பயன்பாட்டு எண்ணிக்கை) ஒன்றைக் கூட்டி டிவைஸை எழுப்பும். எதிர்மறை எண் வந்தால் அப்படியே ரிட்டர்ன். நன்றாக முடிந்தால் மார்க்_லாஸ்ட்_பிஸி, புட்_ஆட்டோசஸ்பெண்ட், அதாவது எண்ணிக்கையை இறக்கி ஆட்டோசஸ்பெண்டுக்கு விடுகிறேன்.

பகலில் 10 நொடிக்கு ஒரு ரீடிங். இரவு 11 மணிக்கு மேல் 15 நிமிடத்துக்கு ஒன்று. மேசையில் மூன்று நாள் ஓட்டினேன், அப்போது இரவும் பகலும் 10 நொடி இடைவெளிதான். ஒரு பிழைகூட இல்லை. குடிலில் மாட்டிய முதல் இரவே 11:15-க்கு -121 என்ற பிழை எண். அதற்கடுத்த ரீடிங்கிலிருந்து எல்லாமே -22. காலை 5:50-க்கு லேப்டாப்போடு போய்ப் பார்த்தேன். சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் நிலையைக் காட்டும் கோப்புகள்) ரன்டைம்_ஸ்டேட்டஸ் 'எரர்', ரன்டைம்_யூசேஜ் 27. மல்டிமீட்டரை வைத்தால் சென்சார் காலில் 3.3 வோல்ட் அசையாமல் நிற்கிறது, அணைந்திருக்க வேண்டிய நேரத்தில்! ரீபூட் செய்தால் பகல் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. மறுநாள் இரவு 11:15-க்கு மறுபடியும் அதே கதை.

கேபிளை மாற்றிவிட்டேன், புல்-அப் ரெசிஸ்டரையும் மாற்றிவிட்டேன். பயனில்லை.

பழைய_யூஆர்ட் எழுதியது:

தம்பி, கேபிளை விடுங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது. ரன்டைம்_யூசேஜையும் பார்த்து எழுதியது பெரிய உதவி. அட்வான்ஸ்டு டீபக் ஆப்ஷனை ஆன் செய்து கெர்னல் பில்டு செய்தால்தான் அது தெரியும், பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

11:15-லிருந்து 5:45 வரை 15 நிமிடத்துக்கு ஒன்றாக எண்ணிப் பாருங்கள். சரியாக 27 வரும். தோற்ற ஒவ்வொரு ரீடிங்கும் எண்ணிக்கையில் ஒன்றை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது, ஒன்றும் இறங்கவில்லை. கெட்_சிங்க் அப்படித்தான். ஏறியதும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிடுகிறார். பஸ் புறப்படாவிட்டாலும் கிழிந்தது கிழிந்ததுதான். ரெஸ்யூம் தோற்றாலும் யூசேஜ் கவுண்ட் கூடியிருக்கும், அதை இறக்க வேண்டியது கூப்பிட்டவர் பொறுப்பு. நீங்கள் பிழை வந்ததும் வெறும் கையோடு ரிட்டர்ன் செய்கிறீர்கள்.

இதில் விழாத டிரைவர் எழுத்தாளர் அபூர்வம். ரன்டைம் பிஎம் 2009 இறுதியில் 2.6.32-இல் வந்தது. 2020-லும் இதே ஓட்டையை அடைக்கும் பேட்ச்கள் டிரைவர் டிரைவராக வந்துகொண்டிருந்தன. அதனால்தான் 5.10-இல் பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் சேர்த்தார்கள். தோற்றால் எண்ணிக்கையைத் தானே இறக்கிவிடும். உங்கள் கெர்னலிலேயே இருக்கிறது, அதற்கு மாறிவிடுங்கள்.

அடுத்து -22. ரன்டைம் ரெஸ்யூம் கால்பேக் (கெர்னல் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) ஒரு பிழையைத் திருப்பினால், ரன்டைம் பிஎம்மை நடத்தும் கெர்னல் பகுதியான பிஎம் கோர் அந்த டிவைஸை மீள முடியாத நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு உங்கள் கால்பேக்கை அது கூப்பிடுவதே இல்லை, -22 மட்டும் தரும். ஸ்டேட்டஸை யாராவது கையால் ஆக்டிவ் என்றோ சஸ்பெண்டட் என்றோ வைக்கும்வரை இந்த நிலைதான். ஆகவே 11:15-க்கு வந்த -121 ஒன்றுதான் நிஜமான பிழை. மீதி 26-ம் அதன் எதிரொலி.

மல்டிமீட்டர் காட்டிய 3.3 வோல்ட்டுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் மிக முக்கியம். கால்பேக்கில் ரெகுலேட்டரை ஆன் செய்தீர்கள், அடுத்த ஐ2சி எழுத்து தோற்றது, ரிட்டர்ன் செய்துவிட்டீர்கள். ரெகுலேட்டரை யார் அணைப்பது? கோர் அணைக்காது, அதற்கு உங்கள் ரெகுலேட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. சஸ்பெண்ட் கால்பேக்கும் இனி வராது, ஏனென்றால் கோரின் கணக்கில் டிவைஸ் எழுந்திருக்கவே இல்லை. ரெஸ்யூம் பாதியில் தோற்றால், அதுவரை ஆன் செய்ததையெல்லாம் தலைகீழ் வரிசையில் ஆஃப் செய்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். புரோப்பில் (டிரைவர் முதன்முதலில் டிவைஸோடு இணையும் ஃபங்ஷன்) எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறோம், ரெஸ்யூமில் மறந்துவிடுகிறோம்.

சரி, -121 ஏன் வந்தது? பீகிள்போனின் ஐ2சி கண்ட்ரோலர் டிரைவர், சென்சார் பதில் சொல்லாவிட்டால் தரும் எண் அது. சென்சார் இன்னும் விழிக்கவில்லை. ஏன் 11:15-க்கு மட்டும் என்பதற்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ரெகுலேட்டருக்குப் பிறகு சென்சார் பக்கம் எவ்வளவு கெப்பாசிட்டர் வைத்திருக்கிறீர்கள்? லைனை அணைத்ததும் மல்டிமீட்டரை வைத்து 8 நொடியில் எவ்வளவு, 15 நிமிடத்தில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். டேட்டாஷீட்டில் ஸ்டார்ட்-அப் டைமும் பாருங்கள்.

பசுமைக்குடில்_பெட்டி எழுதியது:

அண்ணா, இப்போதுதான் அளந்தேன். 100 மைக்ரோஃபாரட் இருக்கிறது. 8 நொடியில் 2.6 வோல்ட்! 15 நிமிடத்தில் சுழியம். டேட்டாஷீட்டில் ஸ்டார்ட்-அப் 40 மில்லிசெகண்ட். புரோப்பில் 50 தூங்க வைத்திருந்தேன், ரெஸ்யூமில் எதுவுமே வைக்கவில்லை.

பழைய_யூஆர்ட் எழுதியது:

அப்படியானால் உங்கள் சென்சார் மேசையில் ஒருமுறைகூட உண்மையில் அணையவில்லை. தூங்கும் சென்சார் இழுக்கும் சொற்ப மின்சாரத்துக்கு அந்தக் கெப்பாசிட்டர் 8 நொடி தாங்கிவிடுகிறது. ஆஃப் என்று கெர்னல் நினைத்துக்கொண்டிருந்தது, சென்சார் மின்சாரம் போகாத நிலையிலேயே அடுத்த ரீடிங்கை எதிர்கொண்டது. முதல் 15 நிமிட இடைவெளி முடிந்த 11:15-தான் அது பார்த்த முதல் நிஜமான பவர் ஆன்.

50 மில்லிசெகண்ட் தூக்கத்தை ரெஸ்யூமிலும் போடுங்கள். ஆனால் இரண்டு நேரத்தைக் குழப்ப வேண்டாம். வோல்டேஜ் மேலே ஏறப் பிடிக்கும் நேரம் ரெகுலேட்டருடையது, அது டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரம்) ஸ்டார்ட்அப்-டிலே-யுஎஸ் என்று போக வேண்டும். சென்சார் உள்ளே துவங்கப் பிடிக்கும் நேரம்தான் டிரைவருடையது. போர்டை நாளை மாற்றினால் முதலாவது மாறும், இரண்டாவது மாறாது.

தடம்_வரைபவள் எழுதியது:

இருவருக்கும் வணக்கம். தம்பி, தாமதத்தைச் சேர்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள், அடுத்து ஒன்று காத்திருக்கிறது. இதுவரை சென்சார் நிஜமாக அணையவில்லை என்றால், நீங்கள் புரோப்பில் எழுதிய செட்டிங்குகளும் அழியாமல் இருந்திருக்கும். இனி ஒவ்வொரு 15 நிமிடமும் அவை அழியும். அவற்றை ரெஸ்யூமில் திரும்ப எழுதுகிறீர்களா?

பசுமைக்குடில்_பெட்டி எழுதியது:

அக்கா, இதைக் கேட்பதற்குள் அதுவே நடந்துவிட்டது. நேற்று இரவு -121 இல்லை, யூசேஜ் ரீடிங்குக்கு ரீடிங் சுழியத்துக்கு இறங்கியது. ஆனால் சோதனைக்கு வைத்த ஒரே விளக்கின் கீழ் பகலில் 1480 வந்தது, இரவு 370. நான்கில் ஒன்று. புரோப்பில் இன்டக்ரேஷன் டைமை (ஓர் அளவுக்காக வெளிச்சத்தைச் சேர்க்கும் நேரம்) 400 மில்லிசெகண்ட் என்று வைத்திருந்தேன், சென்சாரின் டிஃபால்ட் 100.

தடம்_வரைபவள் எழுதியது:

பிழை எண் வந்தாலாவது தெரியும். தவறான அளவு அமைதியாகப் பதிவாகிக்கொண்டே இருப்பதுதான் எனக்குப் பயம். நீங்கள் விளக்கு வைத்துச் சோதித்ததால் பிடிபட்டது.

ரெஜிஸ்டர்களைக் கையால் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத வேண்டாம், ரெக்மேப்புக்கு மாறுங்கள். ரெஜிஸ்டரில் எழுதியதைக் கேஷில் நினைவில் வைக்கக்கூடிய கெர்னல் வசதி அது. சஸ்பெண்டில் லைனை அணைக்கும் முன் ரெக்கேஷ்_கேஷ்_ஒன்லி (இனி கேஷில் மட்டும் எழுது), ரெக்கேஷ்_மார்க்_டர்ட்டி (சென்சாரில் இருப்பது அழிந்திருக்கும் என்று குறி). ரெஸ்யூமில் லைன் ஆன், தூக்கம், கேஷ்_ஒன்லியை எடுப்பது, பிறகு ரெக்கேஷ்_சிங்க். எழுதிய எல்லா செட்டிங்கும் தானே சென்சாருக்குத் திரும்பும். இரண்டு கவனம். கேஷ் வகையைக் குறிப்பிடாவிட்டால் ரெக்மேப் எதையும் நினைவில் வைக்காது. வெளிச்ச அளவு வரும் டேட்டா ரெஜிஸ்டரை வாலட்டைல் (தானே மாறுவது) என்று குறிக்காவிட்டால் கேஷில் இருக்கும் பழைய அளவையே படித்துக்கொண்டிருப்பீர்கள். சிங்க் தோற்றாலும் பழைய_யூஆர்ட் சொன்னபடி கேஷ்_ஒன்லியை மறுபடி வைத்து, ரெகுலேட்டரை அணைத்துவிட்டுத்தான் ரிட்டர்ன்.

அப்புறம், எழுந்த பிறகு 400 மில்லிசெகண்ட் முழுதாகக் கழியாமல் முதல் அளவை நம்பாதீர்கள்.

பசுமைக்குடில்_பெட்டி எழுதியது:

ரெக்மேப்புக்கு மாற்றி இரண்டு இரவு ஓட்டிவிட்டேன். 11:15-க்கு 1476, அதிகாலை 3 மணிக்கு 1479, 5:45-க்கு 1481. இந்த முறை மேசையிலும் 15 நிமிட இடைவெளியில் ஒரு முழு இரவு விட்டுப் பார்த்தேன். வேண்டுமென்றே சென்சாரைக் கழற்றி ஒரு ரெஸ்யூமைத் தோற்கச் செய்தேன்: யூசேஜ் சுழியம், கெப்பாசிட்டர் வடிந்த பிறகு மல்டிமீட்டரிலும் சுழியம். ஸ்டேட்டஸ் மட்டும் 'எரர்' என்றே நிற்கிறது. அதை எப்போது சஸ்பெண்டட் என்று திருப்பி வைக்கலாம்?

பழைய_யூஆர்ட் எழுதியது:

ரெகுலேட்டர் அணைந்துவிட்டது என்று உறுதியாகத் தெரியும் இடத்தில், பிஎம்_ரன்டைம்_செட்_சஸ்பெண்டட். கால்பேக்குக்கு உள்ளே அல்ல, ரெஸ்யூம்_அண்ட்_கெட் தோற்றுத் திரும்பிய பிறகு ரீட் ஃபங்ஷனில். ஆனால் லாக்கில் ஒரு வரி எழுதாமல் அதைச் செய்யாதீர்கள். சென்சார் கழன்று கிடப்பதும் ஒருமுறை தடுமாறியதும் குடிலில் இருப்பவருக்கு வேறு வேறு விஷயம்.